பாச்சை உருண்டையில் கரண்ட் பாயுமா? - ஒரு தப்புக் கணக்கின் கதை

போன வாரம் பீரோவுக்குள் பாச்சை உருண்டை போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுப் பையன், ஏழாவது படிக்கிறான், வந்து நின்று பார்த்துவிட்டுக் கேட்டான்: "அங்கிள், இதுல கரண்ட் பாயுமா?"

"பாயாதுடா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அனுப்பின பிறகுதான் உறுத்தியது. பாச்சை உருண்டை (அதாவது நாஃப்தலீன்) வரைக்கும் என் பதில் சரி. ஆனால் கார்பன், ஹைட்ரஜன், கொஞ்சம் கந்தகம் இதையெல்லாம் வைத்து செய்த படிகங்களில் கரண்ட் பாயும். பாய்வது மட்டுமில்லை, காந்தப்புலத்தில் வைத்தால் அது அடிக்கும் கூத்து இருக்கே....

இந்த விஷயத்தில் எனக்கு ஒரு பழைய கடன் இருக்கிறது. எம்.எஸ்ஸி. படிக்கும்போது எனக்கு வந்த செமினார் தலைப்பு 'கரிம மீகடத்திகள்'. அதாங்க, ஆர்கானிக் சூப்பர்கண்டக்டர். ஓ.ஹெச்.பி. ஷீட்டில் கலர் ஸ்கெட்ச் பேனாவால் படமெல்லாம் போட்டு இருபது நிமிஷம் பேசினேன். முடிந்ததும் கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தன் கேட்டான், "இதனால என்ன யூஸ்?"

நான் யோசிக்காமல், "சீக்கிரமே ரூம் டெம்பரேச்சர்ல சூப்பர்கண்டக்டர் வந்துரும்" என்று அடித்துவிட்டேன். பேராசிரியர் தலையை நிமிர்த்தாமல் மார்க் போட்டுக்கொண்டே சொன்னார்: "அது 1964ல சொன்னது. அதுக்கப்புறம் என்ன நடந்துச்சுன்னு படிப்பா."

படிக்கவில்லை. வேலை, கல்யாணம், குழந்தை என்று வருஷங்கள் ஓடிவிட்டன. இப்போதுதான் படித்தேன். அதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க மக்களே :-)

1911: ஒரே வருஷத்தில் இரண்டு விஷயம்

1911ல் ஹாலந்தின் லெய்டன் நகரில் காமர்லிங் ஓனஸ் பாதரசத்தைக் குளிரவைத்துப் பார்த்தார். திரவ ஹீலியத்தின் கொதிநிலையை ஒட்டி, சுமார் 4.2 கெல்வினில் (மைனஸ் 269 டிகிரி செல்சியஸ்), அதன் மின்தடை பொட்டென்று மறைந்துவிட்டது. மீகடத்தல் பிறந்தது இப்படித்தான். இது எல்லாப் புத்தகத்திலும் இருக்கும்.

அதே 1911ல் அமெரிக்காவில் மெக்காய், மூர் என்ற இரண்டு வேதியியல்காரர்கள், உலோகமல்லாத தனிமங்களையும் சேர்த்து உலோகம் மாதிரி நடந்துகொள்ளும் பொருளை உண்டாக்கலாம் என்று எழுதினார்கள். அதை அப்போது பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. இந்த இரண்டு கதையும் ஒன்று சேர கிட்டத்தட்ட எழுபது வருஷம் ஆனது.

நடுவில் நம்ம ஊர்க்காரர் ஒருவர் வருகிறார். வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன். ராமனோடு சேர்ந்து வேலை செய்தவர் என்றுதான் பலருக்கும் தெரியும். 1930களில் டாக்காவிலும் கல்கத்தாவிலும் இருந்தபோது அவரும் கூட்டாளிகளும் நாஃப்தலீன், ஆந்த்ரசீன் போன்ற கரிமப் படிகங்களைக் காந்தப்புலத்தில் தொங்கவிட்டு, எந்தத் திசையில் காந்தத்தன்மை எவ்வளவு மாறுகிறது என்று அளந்தார்கள். படிகத்துக்குள் தட்டையான மூலக்கூறுகள் எந்தப் பக்கம் சாய்ந்து கிடக்கின்றன என்பதை அதிலிருந்தே கணக்குப் போட்டுச் சொன்னார்கள். கரண்ட் பாயாத அதே பாச்சை உருண்டைச் சரக்குதான்! கரிமப் படிகத்தைப் புரிந்துகொள்ள காந்தம் நல்ல கருவி என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

1964: லிட்டிலின் கனவு

1957ல் பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் மூவரும் மீகடத்தலுக்கு விளக்கம் கொடுத்தார்கள். எலக்ட்ரான்கள் ஜோடி சேர்கின்றன. சேர்த்து வைக்கும் தரகர் யார் என்றால், படிகத்தில் அணுக்களின் அதிர்வு. அணு கனமானது, மெதுவாகத்தான் அசையும். அதனால்தான் மீகடத்தல் கடும் குளிரில் மட்டும் வருகிறது.

ஸ்டான்ஃபோர்டில் இருந்த லிட்டில் 1964ல் கேட்டார்: தரகராக அணுவுக்குப் பதில் இன்னொரு எலக்ட்ரானையே வைத்தால்? எலக்ட்ரான் அணுவைவிட ஆயிரக்கணக்கான மடங்கு லேசு. ஒரு நீளமான கரிமச் சங்கிலி, அதன் இரண்டு பக்கமும் சாயமூலக்கூறுகள். சங்கிலியில் ஓடும் எலக்ட்ரான் பக்கத்து மூலக்கூறின் எலக்ட்ரான்களைச் சீண்டிவிட்டுப் போகும், அந்தச் சலசலப்பில் அடுத்த எலக்ட்ரான் ஜோடி சேரும். கணக்குப் போட்டால் அறை வெப்பநிலைக்கும் மேலேயே மீகடத்தல் வரவேண்டும்!

இதுதான் நான் செமினாரில் அளந்துவிட்டது.

சிக்கல் என்னன்னா, ஒற்றைச் சங்கிலிக்கு ஒரு பிறவி நோய் உண்டு. பயர்ல்ஸ் ஏற்கனவே சொல்லிவைத்திருந்தார். ஒரே பரிமாணத்தில் உலோகம் நிலைக்காது. குளிரவைத்தால் சங்கிலியின் அணுக்கள் கொஞ்சம் நகர்ந்து, சீரான இடைவெளி போய், எலக்ட்ரான் ஓட வழியில்லாமல் பாதை அடைபட்டு, உலோகம் மின்கடத்தாப் பொருளாகிவிடும். ஒற்றையடிப் பாதையில் ஒருத்தர் உட்கார்ந்துவிட்டால் பின்னால் வருகிற அத்தனை பேரும் நிற்கவேண்டியதுதானே?

1973: ஒரு பரபரப்பு

அப்புறம் வந்தது டி.டி.எஃப்.-டி.சி.என்.க்யூ. பேரைப் பார்த்து ஓடாதீங்க. இரண்டு விதமான தட்டை மூலக்கூறுகள். ஒன்று எலக்ட்ரானைக் கொடுக்கும், மற்றது வாங்கிக்கொள்ளும். ஒரே ஜாதி மூலக்கூறுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அப்பளக் கட்டு மாதிரி அடுக்கியிருக்கும். அடுக்கின் திசையில் கரண்ட் ஜோராக ஓடும், பக்கவாட்டில் மிகக் குறைவாகத்தான் ஓடும்.

1973ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகக் குழு இது உலோகம் போல நடந்துகொள்வதைக் காட்டியது. அதே வருஷம் பென்சில்வேனியாவில் ஹீகரின் குழு, சில படிகங்களில் 60 கெல்வின் பக்கத்தில் கடத்துதிறன் மலைபோல எகிறுவதாக அறிவித்தது. மீகடத்தலின் முன்னோட்டமாக இருக்கலாம் என்றார்கள். ஒரே கலாட்டா. மற்ற ஆய்வகங்கள் செய்து பார்த்தால் அந்த மலை வரவில்லை. ஒரு திசையில் நன்றாகவும் மற்ற திசைகளில் மோசமாகவும் கடத்தும் படிகத்தில், கம்பியை ஒட்டும் இடம் கொஞ்சம் பிசகினாலும் அளவு தப்பாக வரும் என்று விளக்கம் சொன்னார்கள். 50 கெல்வினைச் சற்றுத் தாண்டிய இடத்தில் பயர்ல்ஸின் நோய் வந்து படிகம் கடத்தாமல் போனது.

இதே ஹீகருக்குத்தான் 2000ல் மக்டியார்மிட், ஷிரகாவாவோடு சேர்த்து கடத்தும் பிளாஸ்டிக்குக்காக நோபல் கிடைத்தது. ஒரு தடவை சறுக்கினால் ஆள் காலி என்று நினைப்பவர்கள் கவனிக்கவும்.

1979: கோபன்ஹேகனும் ஓர்ஸேயும்

நோய்க்கு மருந்து என்ன? ஒற்றையடிப் பாதையைக் கொஞ்சம் அகலமாக்குவது. அடுக்குகள் பக்கவாட்டிலும் லேசாகத் தொட்டுக்கொண்டால் போதும். டென்மார்க்கின் பெக்கார்ட் கந்தகத்துக்குப் பதில் அதன் பெரிய தம்பி செலீனியத்தைப் போட்டு டி.எம்.டி.எஸ்.எஃப். என்ற மூலக்கூறில் உப்புப் படிகங்கள் வளர்த்தார். பாரீஸ் பக்கத்தில் ஓர்ஸேயில் இருந்த ஜெரோம் குழு அவற்றை அழுத்தத்தில் வைத்து அளந்தது.

அந்தக் குடும்பத்தில் ஹெக்சாஃப்ளூரோபாஸ்பேட் உப்பு சாதாரண அழுத்தத்தில் 12 கெல்வினில் மின்கடத்தாப் பொருளாகிவிடும். இங்கே அணுக்கள் நகர்வதில்லை. எலக்ட்ரான்களின் சுழற்சி (ஸ்பின்) மேலே, கீழே, மேலே, கீழே என்று அலையாக உறைந்துவிடுகிறது. 'ஸ்பின் அடர்த்தி அலை' என்று பேர். சுமார் 12,000 வளிமண்டல அழுத்தம் கொடுத்தபோது அந்த அலை ஒழிந்து, 0.9 கெல்வினில் மீகடத்தல் வந்தது. 1979 டிசம்பரில் கண்டார்கள், 1980ல் கட்டுரை வெளியானது. உலகின் முதல் கரிம மீகடத்தி! அடுத்த வருஷமே, 1981ல், பெர்குளோரேட் உப்பு அழுத்தமே இல்லாமல் 1 கெல்வினுக்குச் சற்று மேலே மீகடத்தியானது.

லிட்டில் சொன்னது அறை வெப்பநிலை, சுமார் 300 கெல்வின். கிடைத்தது 0.9. நூறு ரூபாய் கேட்டவனுக்கு முப்பது பைசா! அதோடு லிட்டில் சொன்ன தரகு முறையும் இங்கே இல்லை.

என் செமினார் இங்கேயே முடிந்துவிட்டது. உண்மையான கதை இதற்கப்புறம்தான் ஆரம்பம்.

காந்தத்தைப் போட்டால்....

மீகடத்தலைக் கெடுக்க காந்தப்புலம் போதும், இது தெரிந்த விஷயம். அளவுக்கு ஒரு கணக்கு சொல்லிவிடுகிறேன். பூமியின் காந்தப்புலம் ஒரு டெஸ்லாவில் இருபதாயிரத்தில் ஒரு பங்கு என்ற அளவில்தான். ஆஸ்பத்திரி எம்.ஆர்.ஐ. மெஷினில் பெரும்பாலும் 1.5 அல்லது 3 டெஸ்லா.

பெக்கார்ட் உப்பில் மீகடத்தலைக் கெடுத்துவிட்டு காந்தப்புலத்தை இன்னும் ஏற்றினால்? ஒன்றும் நடக்கக்கூடாது. சாதாரண உலோகத்தில் காந்தப்புலம் எலக்ட்ரானை வட்டமடிக்க வைக்கும், அந்த வட்டங்கள் குவாண்டம் விதிப்படி படிப்படியான ஆற்றல் நிலைகளாகும், மின்தடை அலைபோல ஏறி இறங்கும். இது 1930லேயே ஷூப்னிகோவும் டி ஹாஸும் பார்த்தது. ஆனால் இங்கே எலக்ட்ரான் அடுக்கு வழியாக நேராக ஓடுகிற ஜாதி. வட்டமே கிடையாது. வட்டம் இல்லையென்றால் அலையும் இல்லை.

1981ல் க்வாக், ஷிர்பர், கிரீன், எங்லர் நால்வரும் அழுத்தத்தில் வைத்த உப்பில் அளந்தார்கள். அலை இருந்தது!

1983ல் இன்னும் விசித்திரம். ஓர்ஸேயில் ரிபோ குழுவும் அமெரிக்காவில் சைக்கின் குழுவும் பெர்குளோரேட் உப்பில் ஹால் மின்னழுத்தத்தை அளந்தார்கள் (கரண்ட் ஒரு பக்கம், காந்தம் செங்குத்தாக, குறுக்கே உண்டாகும் வோல்டேஜ்). சாதாரண உலோகத்தில் அது காந்தப்புலத்தோடு நேர்கோட்டில் ஏறும். இங்கே மாடிப்படி மாதிரி ஏறியது. சில இடங்களில் குறியே மாறி மைனஸுக்குப் போனது!

விடை 1984ல் மாஸ்கோ பக்கம் செர்னோகோலோவ்காவில் இருந்து வந்தது. கோர்கோவ், லெபெட் இருவரும் சொன்னது இது. எலக்ட்ரான் அடுக்கு வழியே ஓடும்போது பக்கத்து அடுக்குகளுக்கும் கொஞ்சம் தாவி, வளைந்து வளைந்து போகிறது. காந்தப்புலத்தை ஏற்ற ஏற்ற இந்த வளைவின் அகலம் குறைகிறது. கடைசியில் ஒரே அடுக்கோடு ஒட்டிக்கொண்டு ஓடுகிறது. அதாவது பெக்கார்ட் கஷ்டப்பட்டு அகலமாக்கிய பாதையைக் காந்தம் மறுபடி ஒற்றையடிப் பாதையாக்கிவிடுகிறது! ஒற்றையடிப் பாதை வந்தால் பழைய நோயும் வரும். ஸ்பின் அடர்த்தி அலை திரும்பி வந்து உட்கார்ந்துகொள்கிறது.

மாடிப்படிக்கு விளக்கத்தை அதே வருஷம் ஓர்ஸேயின் எரித்தியே, மோந்தாம்போ, லெடரர் நிரப்பினார்கள். அலை வந்தபின் கொஞ்சம் எலக்ட்ரான்கள் மிச்சமிருக்கும். அவை இப்போது வட்டமடிக்கின்றன, படிநிலைகளில் உட்காருகின்றன. காந்தப்புலம் மாறும்போது ஸ்பின் அலை தன் அலைநீளத்தையே மாற்றிக்கொண்டு, மிச்ச எலக்ட்ரான்கள் எப்போதும் முழுப் படிகளை மட்டும் நிரப்பும்படி பார்த்துக்கொள்கிறது. பந்தியில் ஆள் கூடக்குறைய இருந்தால், வரிசை அரைகுறையாக நிற்காதபடி இலையை மாற்றிப் போடுகிறோமே, அந்த மாதிரி. காந்தப்புலம் ஏற ஏற 4, 3, 2, 1, கடைசியில் 0 என்று ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு தனி நிலை, அருவி மாதிரி வரிசையாக.

முழு எண் என்றதும் உங்களுக்குப் பொறி தட்டியிருக்கும். 1980ல் பிரான்சின் கிரெனோபிள் காந்த ஆய்வகத்தில் வான் கிளிட்சிங் கண்டுபிடித்த குவாண்டம் ஹால் விளைவு, 1985 நோபல் பரிசு. அது சிலிக்கான் சில்லில் மெல்லிய தளமாகச் சிக்கிய எலக்ட்ரான்களில் வந்தது. இங்கே முழுசான ஒரு கரிமப் படிகத்தில், ஒவ்வொரு தளமும் தன் பங்கைக் கொடுத்து, அதே விளைவு! 1989ல் ஹெக்சாஃப்ளூரோபாஸ்பேட் உப்பில் தெளிவான தட்டைப் படிகளை அளந்து இதை உறுதி செய்தார்கள்.

காந்தமே உண்டாக்கும் மீகடத்தல்

இன்னொரு கிளைக்கதை. 1962ல் க்ளாக்ஸ்டன், சந்திரசேகர் இருவரும் தனித்தனியாக ஒரு வரம்பைச் சொன்னார்கள். (நட்சத்திர சந்திரசேகர் இல்லீங்க, இவர் பி.எஸ். சந்திரசேகர்.) மீகடத்தும் ஜோடியில் ஒரு எலக்ட்ரானின் ஸ்பின் மேலே, மற்றது கீழே. காந்தப்புலம் இரண்டையும் ஒரே பக்கம் திருப்பப் பார்க்கும். ஓரளவுக்கு மேல் ஜோடி பிரிந்தே ஆகவேண்டும்.

தப்பிக்க இரண்டு வழி இருப்பதாகக் கோட்பாட்டுக்காரர்கள் சொன்னார்கள்.

ஒன்று, 1962ல் ஜக்காரினோ, பீட்டர் சொன்னது. படிகத்துக்குள் காந்த அணுக்கள் இருந்து, அவை எலக்ட்ரான்மேல் செலுத்தும் உள்புலம் வெளிப்புலத்துக்கு எதிர்த்திசையில் இருந்தால் இரண்டும் கழிந்துவிடும். கயிறு இழுக்கும் போட்டியில் இரண்டு பக்கமும் சம பலம் என்றால் நடுவில் கட்டிய கைக்குட்டை அசையாதில்லையா?

இரண்டு, 1964ல் (ஆமாம், லிட்டில் எழுதிய அதே வருஷம்) ஃபுல்டே-ஃபெரல், லார்கின்-ஓவ்சினிகோவ் என்று அமெரிக்காவிலும் ரஷ்யாவிலும் இரண்டு ஜோடி ஆட்கள் சொன்னது. மீகடத்தல் முழுசாகச் சாகாமல், ஓரிடத்தில் பலமாகவும் பக்கத்தில் பூஜ்யமாகவும் வரிவரியாக மாறி, பிரிந்த எலக்ட்ரான்களைப் பூஜ்ய வரிகளில் குடியேற்றிப் பிழைத்துக்கொள்ளும். சுருக்கமாக எஃப்.எஃப்.எல்.ஓ. இதற்குப் படிகம் மகா சுத்தமாக இருக்கவேண்டும், தளம் தளமாகவும் இருக்கவேண்டும். சாதாரண உலோகக் கலவைகளில் இரண்டும் அமைவது அபூர்வம்.

கரிமப் படிகங்களில் இரண்டும் அமைந்தன.

முதல் வழிக்கான பெரிய சாட்சி 2001ல் வந்தது. ஜப்பானில் கோபயாஷி தம்பதியரின் குழு உருவாக்கிய லாம்டா-பெட்ஸ் இரும்பு குளோரைடு உப்பு. காந்தப்புலம் இல்லாதபோது 8 கெல்வின் அளவுக்குக் கீழே இது மீகடத்தி அல்ல, மின்கடத்தாப் பொருள்! புலத்தை 10 டெஸ்லாவைத் தாண்டி ஏற்றினால் உலோகம் ஆகிறது. ட்சுகுபாவின் உஜி குழு, புலத்தைப் படிகத்தின் தளத்துக்கு இணையாகச் சரியாகத் திருப்பி வைத்து இன்னும் ஏற்றிக்கொண்டே போனது. 17, 18 டெஸ்லாவுக்கு மேலே மின்தடை காணாமல் போனது. காந்தம் கெடுக்கவேண்டிய மீகடத்தலைக் காந்தமே உண்டாக்கியது!

அதே வருஷம் அமெரிக்காவின் டல்லஹாஸீ உயர் காந்தப்புல ஆய்வகத்தில் மேலும் ஏற்றிப் பார்த்தார்கள். 33 டெஸ்லா பக்கத்தில் மிக பலமாகி, 41 டெஸ்லா வரை தாக்குப்பிடித்தது. 33 டெஸ்லா என்றால் இரும்பு அயனிகளின் உள்புலமும் வெளிப்புலமும் சரியாகக் கழியும் இடம். 1984லேயே ஒரு யூரோப்பியக் கலவையில் ஜக்காரினோ-பீட்டர் விளைவைப் பார்த்திருந்தார்கள் என்றாலும், இவ்வளவு துல்லியமாக, இவ்வளவு உயரத்தில் வந்தது இங்கேதான்.

இரண்டாம் வழிக்குச் சாட்சி இன்னொரு கரிம உப்பு, காப்பா வகைத் தாமிர தயோசயனேட். 10 கெல்வின் அளவில் மீகடத்தி. 2007ல் வெப்பக்கொள்ளளவு அளந்து, சுமார் 21 டெஸ்லாவுக்கு மேலே புதிதாக ஒரு மீகடத்து நிலை இருப்பதைக் காட்டினார்கள். 2014ல் கிரெனோபிளில் அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு (எம்.ஆர்.ஐ.யின் அடிப்படை இதுதான்) மூலம், பூஜ்ய வரிகளில் குடியேறிய எலக்ட்ரான்களின் அடையாளத்தையே பிடித்தார்கள். 1964ல் காகிதத்தில் இருந்தது, ஐம்பது வருஷம் கழித்து கருவியில்!

சரி, என்ன யூஸ்?

கடைசி பெஞ்ச் நண்பனுக்கு இப்போதாவது ஒழுங்காகப் பதில் சொல்லவேண்டும்.

ரயில் ஓடவில்லை. மின்கம்பி வரவில்லை. கார்பன் பந்துகளை விட்டுவிட்டால் கரிம உப்புகளில் மீகடத்தல் 14 கெல்வின் அளவைத் தாண்டவில்லை. 1986ல் பெட்னார்ஸும் முல்லரும் தாமிர ஆக்சைடில் உயர்வெப்ப மீகடத்தலைக் கண்டதும் கூட்டம் அந்தப் பக்கம் போய்விட்டது. நான் அன்றைக்குச் சொன்னது சுத்தப் பொய்.

கிடைத்தது என்னவென்றால், ஒரே படிகம். அதில் அழுத்தத்தை மாற்றலாம், புலத்தை மாற்றலாம், கோணத்தை ஒரு டிகிரி திருப்பலாம். ஒரு அணுவைக்கூட மாற்றாமல் மின்கடத்தாப் பொருள், உலோகம், மீகடத்தி, குவாண்டம் ஹால் நிலை என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். எலக்ட்ரான்கள் கூட்டமாகச் சேர்ந்தால் என்ன செய்யும் என்று காகிதத்தில் எழுதி வைத்ததையெல்லாம் சரியா தப்பா என்று உரசிப் பார்க்கும் கல் இது. அந்த உரைகல்லைத் தேடி யாரும் கிளம்பவில்லை. லிட்டிலின் கணக்கை நிஜமாக்கக் கிளம்பியவர்கள் வழியில் இடறி விழுந்தது அதன்மேல்.

பேராசிரியர் 'படிப்பா' என்று சொன்னது இதைத்தான் என்று நினைக்கிறேன். அன்றைக்கே படித்திருந்தால் "யூஸ் இன்னும் தெரியாது, ஆனா நடந்தது இது" என்று தைரியமாகச் சொல்லியிருக்கலாம். தெரியாது என்று சொல்லப் பயந்துதான் பொய் சொன்னேன்.

பக்கத்து வீட்டுப் பையனை நேற்று கூப்பிட்டு, "அன்னிக்குப் பாதிதான்டா சொன்னேன்" என்று அப்பளக் கட்டை வைத்து விளக்கினேன். பத்து நிமிஷம் கேட்டுவிட்டு, "அப்போ பாச்சை உருண்டையில பாயாது, அவ்ளோதானே?" என்று ஓடிவிட்டான்.

பி.கு. 1: பெயர்களின் உச்சரிப்பில் பிரெஞ்சு, டேனிஷ், ரஷ்யன் தெரிந்தவர்கள் பின்னூட்டத்தில் திருத்தலாம். அடிக்க வரவேண்டாம்.

பி.கு. 2: பயன்படுத்திய அப்பளங்கள் பிறகு பொரிக்கப்பட்டன. வீணாகவில்லை :-)